திருகோணமலையும் விறகும்

திருகோணமலையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் கோணேசர் ஆலயத்தையும், கோட்டையையும், ஆழ்கடற் குடாவையும் சிறப்பித்துப் பேசுவது வழக்கம். அத்துறைமுகத்துக்கு எரிபொருள் வரலாறு ஒன்றும் உண்டு. அதிலே ஒரு பகுதி பேரேடுகளில் ஏறியது. மற்றொரு பகுதி ஏறவில்லை. ஏறாத பகுதியே விறகின் கதை.

1795இல் ஆங்கிலேயர் இத்துறையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். இதன் பின்னிலத்துக் காடுகளில் வளர்ந்த சாவண்டலை மரம், ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரோடே சென்னைக்கு ஏற்றுமதியாகி, மசுலாப் படகுகள் கட்ட உதவிற்று. விலைபோகும் மரத்துக்குக் கணக்கு வைத்தவர்கள், அதே காட்டின் சுள்ளிக்குக் கணக்கு வைத்தாரில்லை.

நீராவிக் கப்பல்கள் நிலக்கரியை நாடின. பின்னர்ப் பிரித்தானியக் கடற்படை எண்ணெய்க்கு மாறிற்று. 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவை அடுத்து ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்வது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது, அவற்றுள் ஒன்று பற்றிப் பல நாள் எரிந்தது. இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளன. ஆனால் அக்குடாவைச் சூழ்ந்த மூதூரிலும், தம்பலகாமத்திலும், கந்தளாயிலும் உலை கொதித்தது விறகினாலன்றோ!

விறகின் பாரம் பெரிது. தொலைவுக்கு ஏற்றிச் செல்லக் கூலி மிகும். ஆகவே அதனைக் கரியாக்கினர். மரத்தை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றைக் குறைத்து மெல்லச் சுட்டால், நீரும் புகையும் நீங்கிக் கரி எஞ்சும். நிறைக்கு நிறை பார்த்தால், கரியின் வெப்பம் விறகினதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆயினும் மண்சூளையில் ஒரு கிலோ கரி பெற ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட விறகு வேண்டும். கரி பட்டினத்துக்கு வசதி, காட்டுக்கோ இழப்பு.

வளர்ந்துவரும் நாடுகளின் பொருளாதாரத்தில் விறகு வகிக்கும் இடம் எளிதில் புலப்படுவதில்லை. காசு கொடாது பொறுக்கிய விறகு தேசிய வருமானக் கணக்கில் உரிய இடம் பெறுவதில்லை. அதனைச் சுமந்த பெண்ணின் உழைப்பும், அவள் உண்ட புகையும் அவ்வாறே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையின் குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிவாயு உருளைகளும் மண்ணெண்ணெயும் கிட்டாதபோது, அவற்றை நம்பியிருந்த பட்டினத்தாரும் விறகடுப்பை மூட்டினர். கணக்கில் இல்லாத பொருளே அன்று நாட்டுக்குச் சோறாக்கிக் கொடுத்தது.

விறகைப் பேணும் வழிகளும் இல்லாமலில்லை. 1980களில் பரவிய ‘அனகி’ மண்ணடுப்பு குறைந்த விறகில் இரு பானைகளைக் கொதிக்கவைக்கிறது. வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கிளுவையை அரசாங்கம் 2005இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. திருகோணமலைக் குடாவின் கரையிலேயே, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை உமியையும் சீமைக்கிளுவை விறகையும் எரித்து மின்சாரம் எடுக்கிறது. எண்ணெய்க் குதங்களுக்கு அயலிலே விறகு மீண்டும் தொழிற்பொருளாகியமை சிந்திக்கத்தக்கது.

நேயர்களே, விறகைப் பழமையின் எச்சம் என்று தள்ளிவிடுதல் தகாது. கணக்கில் எழுதாத பொருளைக் காப்பார் இல்லை. காட்டையும், அடுப்படியில் நிற்போரின் நலத்தையும் காக்க விரும்பும் நாடு, முதலில் தன் விறகை எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும்.