இமை இழந்த கண்ணுக்கு ஒரு கண்ணாடிக் கவசம்

கண்ணை இமை காப்பதுபோல என்பது நம்மவர் வழக்கு. அந்த இமையையே நோய் கொண்டுபோய்விட்டால் கண்ணைக் காப்பது எது? இவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சியே தொடுவில்லையின் வரலாற்றிற்குத் தொடக்கமாயிற்று. காண்டாக்ட் லென்ஸ் என மக்கள் வழங்கும் இதனை, மூக்குக்கண்ணாடிக்கு மாற்றாக அழகு கருதி வந்த புதுமை என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மனிதக் கண் நெடுங்காலம் தாங்கிய முதல் வில்லை, பார்வையைக் கூட்டுவதற்கன்று, புண்படும் கண்ணைக் காப்பதற்கே செய்யப்பட்டது.

1887ஆம் ஆண்டு. ஜெர்மனியில் சேமிஷ் என்னும் கண் மருத்துவரின் நோயாளி ஒருவர் புற்றுநோயால் இமையை இழந்திருந்தார். இமையற்ற கண் மூடாது. மூடாத கண்ணில் கண்ணீர் பரவாது. ஈரம் வற்றிய கருவிழி புண்ணாகிப் பார்வை கெடும். வீஸ்பாடன் நகரில் செயற்கைக் கண் செய்து வாழ்ந்த முல்லர் குடும்பத்தார் அவருக்கென மெல்லிய கண்ணாடிக் கவசம் ஒன்றை ஊதிச் செய்தனர். கருவிழிக்கு நேரான பகுதி தெளிந்த கண்ணாடி. வெள்விழியை மூடும் பகுதி வெண்ணிறம். அதனை அவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அணிந்திருந்தார், கண்ணும் பிழைத்தது.

ஒருவர்க்கு வாய்த்தது எல்லார்க்கும் வாய்க்கவில்லை. 1888இல் சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர், கருவிழி சீர்கெட்டோர் பார்வையைத் திருத்தக் கருதிக் கண்ணாடி வில்லைகளை அமைத்தார். முதலில் முயல்களிடத்தும், பின்னர்த் தம் கண்ணிலும் அவற்றைச் சோதித்தார். மறு ஆண்டில் கீல் பல்கலைக்கழக மாணவர் ஆகஸ்ட் முல்லர், தமது கிட்டப்பார்வையைப் போக்கத் தாமே வில்லை அணிந்தார். அரைமணி நேரத்திற்கு மேல் அவரால் பொறுக்க இயலவில்லை. புடாபெஸ்டு நகரத்து டால்லோசு, உயிருள்ள கண்ணிலிருந்தே அச்செடுத்து, ஒவ்வொருவர் கண்ணுக்கும் பொருந்துமாறு வில்லை செய்யும் முறையை வளர்த்து, 1937இல் இலண்டனில் குடியேறினார். பொருத்தம் சிறந்தது, ஆயினும் சில மணி நேரத்தில் பார்வையில் புகை படர்ந்தது போன்ற மங்கல் தோன்றிற்று.

இதற்குக் காரணம் கண்ணின் இயல்பிலேயே உள்ளது. கருவிழியின் மேற்படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. ஒளி தடையின்றிப் புக வேண்டுமன்றோ! ஆகவே அப்படலம் தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரிதும் காற்றிலிருந்தே கண்ணீரின் வழியாகப் பெறுகின்றது. காற்றை மறித்தால் அது நீர்கோத்து வீங்கும். ஸ்மெல்சர், ஒசானிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1952இல் இதனைச் சோதனையால் விளக்கினர். கண்ணாடிக்குப் பின்வந்த பிளாஸ்டிக்கும் காற்றைப் புகவிடாததே. அக்குறையோடும், இலண்டன் மூர்பீல்ட்ஸ் மருத்துவமனையில் பிரெடரிக் ரிட்லி என்பார் நோயுற்ற கண்களுக்குப் பெரிய பிளாஸ்டிக் வில்லைகளைப் பொருத்திச் சிகிச்சை செய்துவந்தார்.

1961இல் செக்கோஸ்லோவாக்கிய வேதியியலார் ஓட்டோ விக்டர்லே, நீர் உண்ணும் மென்மையான வில்லையைத் தம் வீட்டிலேயே, சிறுவர் விளையாட்டுக் கருவித் துண்டுகளால் அமைத்த பொறியில் வார்த்தெடுத்தார். பின்னர் உலகெங்கும் மென்வில்லை பரவியது. பெரிய வில்லையைப் பலரும் மறந்தனர். ஆனால் கண்ணீர் வற்றிய கண்ணில் மென்வில்லையும் வற்றும். நோயாளிக்கு வழி பிறக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தது காற்றைப் புகவிடும் புதிய பிளாஸ்டிக். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டான் எசக்கியேல், அதனால் பெரிய வில்லைகள் செய்து 1983இல் வெளியிட்டார். பாஸ்டனில் பெர்ரி ரோசந்தால் என்னும் மருத்துவர் அதனை மேலும் வளர்த்தார். அவர்தம் வில்லைக்கு அமெரிக்க அரசு 1994இல் ஒப்புதல் அளித்தது. இவ்வில்லை வெள்விழிமீது அமர்ந்து, கருவிழியைத் தொடாமல் அதன்மேல் கூரைபோல் வளைந்து நிற்கும். அணியுமுன் அதன் குழிவில் தூய உப்புநீர் நிரப்பப்படும். கருவிழி பகல் முழுதும் அந்நீரிலே தோய்ந்திருக்கும். இமையின் உராய்வும் அதனைத் தீண்டாது.

மருந்து ஒவ்வாமையால் பெரும்பாலும் உண்டாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும் ஷோகிரன் நோய், இமை மூடாத முகவாதம் முதலியவற்றால் கண் வறண்டு, வெளிச்சம் கண்டால் கூசி, இருட்டறையை நாடுவோர்க்கு இது பெருந்துணை. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்திலும் பாஸ்டன் முறை கையாளப்பட்டுள்ளது. நோயை இது வேரறுப்பதில்லை. நாள்தோறும் கழற்றித் தூய்மை செய்து, புதுநீர் நிரப்பி அணிய வேண்டும். ஆயினும் மூடிக்கிடந்த கண்ணைத் திறக்க வைக்கின்றது.

காவலுக்குப் பிறந்த வில்லை, அழகுக்கும் வசதிக்கும் ஊர்சுற்றி, ஏறத்தாழ நூறாண்டு கழித்துத் தன் பிறந்த வேலைக்கே திரும்பியது. வீஸ்பாடன் தொழிலாளரின் எண்ணம் அன்றே சரியாக இருந்தது. அதற்கேற்ற பொருள்தான் காலம் தாழ்த்தி வந்தது.