முற்றத்தில் பிறந்த கல்வி: பாவ்நகர் முதல் கோஸ்பாட் வரை

இளங்குழந்தைக்கு முதலில் தரவேண்டியது எழுத்தா, பாட்டா என்னும் வினா கல்வி வரலாற்றில் பழமையானது. செருமனியில் குழந்தைத் தோட்டப் பள்ளியைத் தோற்றுவித்த ஃபிரோபெல், தாய்மார் பாடுதற்குரிய பாடல்களைக் கைவிரல் விளையாட்டுகளோடு இணைத்து 1844இல் வெளியிட்டார். இத்தாலியின் மரியா மாண்டிசோரி புலன்பயிற்சிக் கருவிகளை முதன்மைப்படுத்தினார். மாண்டிசோரி நெறி இந்திய மண்ணில் எய்திய மாற்றம் ஈண்டு ஆராயப்படுகின்றது.

வழக்கறிஞராக விளங்கிய கிஜுபாய் பதேகா (1885–1939), 1916இல் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920இல் அங்குப் பாலமந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். மாண்டிசோரியின் கருவிகளை ஏற்ற அவர், கற்பனைக் கதைகள் பற்றிய அவ்வம்மையாரின் தயக்கத்தை ஏற்கவில்லை. நாட்டார் கதை, பாட்டு, நாடகம், ஓவியம் ஆகியவற்றைக் கல்வியின் நடுவிடத்தில் வைத்தார். பகற்கனவு எனப் பொருள்படும் அவரது ‘திவாஸ்வப்னம்’ என்னும் குஜராத்தி நூலில், நான்காம் வகுப்பு மாணவரிடம் ஆசிரியர் முதலில் முயலும் அமைதி விளையாட்டு தோல்வியுறுகின்றது. மறுநாள் கதை சொல்லத் தொடங்கியதும் வகுப்பு தானே அடங்குகின்றது. வெளியிலிருந்து வந்த முறையைத் தம் சூழலில் சோதித்தறியும் அவரது மனப்பாங்கிற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்தது 1939 நவம்பரில் ஆகும். கிஜுபாய் அவ்வாண்டு சூன் திங்களிலேயே மறைந்தார். எனவே, அந்நெறியின் இந்திய உருமாற்றம் அவர் வருகைக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது என்பது தெளிவு.

கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக் இம்மாற்றத்தை மேலும் ஒருபடி முன்னெடுத்தார். இருவரும் 1926இல் நூதன் பால சிட்சண் சங்கத்தை நிறுவினர். தாராபாய் 1945இல் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் மையம் அமைத்து, அனுதாய் வாக் துணையுடன் பணிபுரிந்தார். 1957இல் அப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியே அவர்தம் குடியிருப்பு முற்றங்களுக்குச் சென்றது. விலைமிகுந்த கருவிகளின் இடத்தைக் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் இலையும் விதையும் பெற்றன. எண்ணுதலும் வகைப்படுத்துதலும் அவற்றால் நிகழ்ந்தன. பாட்டும் ஆட்டமும் அவற்றோடு இணைந்தன.

முற்றத்தைக் குறிக்கும் ‘ஆங்கன்’ என்னும் சொல்லடியாகப் பிறந்ததே அங்கன்வாடி. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது. அத்திட்டத்தில் முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து, தடுப்பூசி முதலிய பணிகளுள் ஒன்றாக அமைந்தது. பெயர் நிலைத்த அளவிற்கு அதன் பின்னிருந்த கல்விக் கருத்து நிலைபெற்றதா என்பது எண்ணத்தக்கது. மூன்று வயது முதலான கல்வியை விளையாட்டு வழி அமைக்க 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்துகின்றது. இந்நிலையில் பாவ்நகரும் கோஸ்பாடும் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு: பாட்டு, பாடங்களுக்கு இடையே அமையும் இளைப்பாறல் அன்று, குழந்தையின் தாய்மொழியும் வீட்டுச்சூழலும் பள்ளிக்குள் நுழையும் வாயில் அது. அவ்வாயில் அடைபடின், முற்றத்தில் பிறந்த கல்வி முற்றத்தை மறந்ததாகவே முடியும்.