மாஃபியாவின் சொத்தில் கை வைத்த பியோ லா தோரே

மாஃபியா அமைப்பில் சேர்ந்திருப்பது இத்தாலியில் 1982ஆம் ஆண்டு வரை தனிக் குற்றமாக இருக்கவில்லை. அதைக் குற்றமாக்கும் மசோதாவை முன்வைத்த கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோரே, அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் தேதி பலேர்மோ நகரில் காரில் செல்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் சென்ற கட்சித் தோழர் ரொசாரியோ தி சால்வோவும் உயிரிழந்தார்.

1927இல் பலேர்மோவின் புறநகரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லா தோரே. 1950இல் பிசாக்வினோவில் நிலமற்ற விவசாயிகளுடன் தரிசு நிலங்களில் இறங்கியதற்காகக் கைதாகி, ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தார். பின்னர் நகரசபை, தொழிற்சங்கம், சிசிலிப் பிராந்தியச் சட்டமன்றம் ஆகியவற்றைக் கடந்து 1972இல் ரோம் நாடாளுமன்றத்துக்குச் சென்றார்.

நகரசபையில் அவர் இருந்த காலத்தில்தான், ஒரேத்தோ ஆறு பாயும் பலேர்மோ சமவெளியின் எலுமிச்சைத் தோட்டங்கள் அழிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. கட்டட அனுமதி அரசியல்வாதியிடம், ஒப்பந்தம் மாஃபியாவிடம், வாக்கு மீண்டும் அரசியல்வாதிக்கு. ஒரே கட்சி வேட்பாளர்களே விருப்பு வாக்குகளுக்காகத் தமக்குள் போட்டியிட்ட அன்றைய தேர்தல் முறை இதற்கு உரமிட்டது. இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லா தோரேயின் கட்சிக்கு நிதி வந்த வழி வேறு. அதன் உறுப்பினர்கள் தமது நாடாளுமன்ற ஊதியத்தில் பெரும் பங்கைக் கட்சிக்கே அளித்தனர். சந்தாவும் கட்சி விழாக்களும் கைகொடுத்தன. 1974 முதல் எல்லாக் கட்சிகளுக்கும் அரசு மானியமும் கிடைத்தது. ஆனால் சோவியத் ஒன்றியத்திலிருந்து இரகசியப் பணமும் அக்கட்சிக்கு வந்தது என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது.

1976இல் நாடாளுமன்ற மாஃபியா விசாரணைக் குழுவில், நீதிபதி செசாரே தெர்ரானோவாவுடன் சேர்ந்து லா தோரே சிறுபான்மை அறிக்கை அளித்தார். ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் சால்வோ லிமா, வீத்தோ சான்சிமினோ ஆகியோரின் பெயர்கள் அதில் வெளிப்படையாக இடம்பெற்றன. தெர்ரானோவா 1979இல் கொல்லப்பட்டார்.

லா தோரே 1980இல் கொண்டுவந்த மசோதாவின் மையக் கருத்து எளிமையானது. மாஃபியா தலைவனுக்குச் சிறை புதிதல்ல, அங்கிருந்தும் அவன் ஆள்வான். சொத்தை இழப்பதே அவனுக்கு அச்சம். எனவே வங்கிக் கணக்குகளை ஆராயவும், வந்த வழி காட்டப்படாத சொத்தைப் பறிமுதல் செய்யவும் மசோதா வழிவகுத்தது. ஆயினும் அது நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்தது. லா தோரே கொலையும், செப்டம்பர் 3ஆம் தேதி நிகழ்ந்த பலேர்மோ அரசுப் பிரதிநிதி ஜெனரல் தல்லா கியேசாவின் கொலையும் நேர்ந்த பின்னரே, செப்டம்பர் 13ஆம் தேதி அது சட்டமானது. 1986இல் பலேர்மோவில் தொடங்கிய மாபெரும் மாஃபியா வழக்கில் 300க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட இச்சட்டமே அடித்தளமாக அமைந்தது.

பறிமுதலான சொத்துகளைப் பொதுநலனுக்குப் பயன்படுத்தும் சட்டம் 1996இல் வந்தது. மாஃபியா தலைவர்களின் வயல்களில் இன்று கூட்டுறவுச் சங்கங்கள் கோதுமையும் திராட்சையும் பயிரிடுகின்றன. நாடு கடந்த குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு டிசம்பரில், ஈழத்தமிழர் பலர் வாழும் இதே பலேர்மோவில்தான் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது.

கொலைக்கு உத்தரவிட்டதாக ரீனா, ப்ரொவென்சானோ உள்ளிட்ட மாஃபியா தலைவர்கள் தண்டனை பெற்றனர். எனினும், கோமிசோ தளத்தில் அமெரிக்க குரூஸ் ஏவுகணைகளை நிறுவுவதற்கு எதிராக லா தோரே நடத்திய கையெழுத்து இயக்கமும் ஒரு காரணமா என்ற கேள்வி அடங்கவில்லை. அத்தளம் பின்னர் பயணிகள் விமான நிலையமானது. 2007இல் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டு, அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, 2014இல் மீண்டும் வைக்கப்பட்டது.