கொடி சுற்றும் என்னும் அச்சம்: சூலியர் துயில் குறித்து ஒரு குறிப்பு

மறையூரில் கள ஆய்வுக்காகச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஏழுமாதச் சூலியான பேத்தியிடம் ஒரு பாட்டி கூறியதைக் குறித்துக்கொண்டேன்: "படுத்தபடியே புரளாதே தாயி. எந்திரிச்சு உக்காந்து, அப்புறம் திரும்பிப் படு. இல்லேன்னா கொடி சுத்திக்கும்." பேத்தி சலித்துக்கொண்டாள்: "இந்தக் குளிர்ல ராத்திரிக்கு நாலு தடவ எந்திரிச்சா அப்புறம் எங்க பாட்டி தூக்கம்?"

தமிழ் வழங்கும் ஊர்கள் பலவற்றிலும் கேட்கக்கூடிய அறிவுரைதான் இது. இதன் வரலாற்றைத் தேடினால் சரக சம்ஹிதையை நினைக்காமல் இருக்க முடியாது. அந்நூலின் சாரீரத்தானம் எட்டாம் அத்தியாயம், கருவுற்றவள் தவிர்க்க வேண்டியவற்றைத் தொகுத்துரைக்கிறது. மல்லாந்தே படுப்பவளின் வயிற்றில், கொப்பூழைச் சார்ந்த நாடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பது அவற்றுள் ஒன்று. அச்சம் ஒன்றே, காரணம்தான் வேறு. சரக சம்ஹிதை மல்லாந்து கிடப்பதைக் கடிகிறது. நம் பாட்டிமார் புரள்வதைக் கடிகின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என நிறுவ இவ்வொப்புமை மட்டும் போதாது.

மொழியும் இங்கே பங்காற்றியிருக்கலாம் என்பது என் கருத்து. வடமொழியின் 'நாடி' குழாய் போன்ற ஒன்றைக் குறிப்பது. தமிழிலோ அது தொப்புள்கொடி, மலையாளத்தில் பொக்கிள்கொடி. கொடியின் இயல்பு படர்தல், பற்றுதல், சுற்றுதல். ஓர் உறுப்பைக் கொடி என்றே அழைக்கும் மக்களிடையே, தாய் புரண்டால் அது சுற்றும் என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றும்.

இன்றைய மருத்துவம் கூறுவது யாது? நான்கு அல்லது ஐந்து பிரசவங்களுக்கு ஒன்றில் குழந்தையின் கழுத்தைக் கொடி சுற்றியிருக்கிறது. பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அதற்குக் காரணம் கருப்பையினுள் குழந்தையின் அசைவும் கொடியின் நீளமுமே. தாய் புரள்வது அன்று. ஆனால் மல்லாந்து படுப்பது பற்றிய எச்சரிக்கை வேறொரு வழியில் மெய்யாயிற்று. நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை இதயத்திற்கு இரத்தத்தை மீட்டுச் செல்லும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வருகிறது. 1953இல் அமெரிக்க மருத்துவர்கள் ஹோவர்ட், குட்சன், மெங்கர்ட் ஆகியோர் இதனை விரித்தெழுதினர். 2011இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வும் அதன்பின் வந்தவையும், கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்தபடி உறங்கச் செல்வதற்கும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதற்கும் தொடர்பு காட்டின. ஆகவே 28ஆம் வாரத்திற்குப் பின் ஒருக்களித்து உறங்கச் செல்க என்பதே இன்றைய அறிவுரை.

எனவே பேத்தி இரவில் எழுந்து உட்கார வேண்டியதில்லை. படுத்தபடியே அச்சமின்றித் திரும்பலாம். முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று இருந்தால் இடுப்புவலி குறையும். விழிக்கும்போது மல்லாந்திருப்பதை உணர்ந்தால் கலங்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் போதும். படுக்கையை விட்டு எழும்போது மட்டும், முதலில் ஒருபக்கமாகத் திரும்பிக் கையை ஊன்றி எழுவது வயிற்றுத் தசைக்கு இதம். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாட்டியின் அக்கறையில் பிழையில்லை. அவர் காட்டிய காரணமே பிழை. அக்காரணத்தைத் திருத்தினால் ஒரு சூலிக்கு இரவுதோறும் சில நாழிகை உறக்கம் மிஞ்சும்.

உங்கள் ஊரில் இவ்வறிவுரை எச்சொற்களில் வழங்குகிறது? 'ஒருக்களித்து' என்பதற்கு வேறு வட்டாரச் சொல் உண்டா? நண்பர்கள் பகிர்ந்தால் நன்றியுடன் குறித்துக்கொள்வேன்.