'அட்டோன்மென்ட்': ஒரு சொல்லின் வரலாறு

கிறிஸ்துவின் சிலுவை மரணத்தின் பயனைக் குறிக்க ஆங்கில இறையியல் நூல்கள் வழங்கும் முதன்மையான சொல் 'அட்டோன்மென்ட்' என்பதாகும். இறையியற் கலைச்சொற்களுட் பல கிரேக்கம், இலத்தீன் மொழிகளினின்று ஆங்கிலத்திற்கு வந்தவை. இச்சொல்லோ ஆங்கில மண்ணிலேயே உருவானது. 'அட்', 'ஒன்' என்னும் இரு எளிய சொற்கள் இணைந்து 'ஒன்றுபட்ட நிலையில்' எனப் பொருள் தந்தன. 'மென்ட்' என்னும் விகுதி சேரவே அது பெயர்ச்சொல்லாயிற்று.

1513ஆம் ஆண்டளவில் மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் வரலாற்றை எழுதிய தாமஸ் மோர், பகைகொண்ட பிரபுக்களிடையே ஏற்பட்ட இணக்கத்தை இச்சொல்லாற் குறித்தார். அதனை ஆங்கிலத் திருமறையில் நிலைநாட்டியவர் வில்லியம் டின்டேல். 1526இல் வோர்ம்ஸ் நகரில் அச்சான அவருடைய புதிய ஏற்பாட்டில், ரோமர் 5:11இல் வரும் 'கத்தல்லகே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இதனையே வழங்கினார். பகை நீங்கி நட்புறுதல் என்பதே அதன் பொருள். 1530இல் ஐந்தாகமங்களை வெளியிட்டபோது, லேவியராகமத்தின் பலிகளைச் சார்ந்த 'கிப்பேர்' என்னும் எபிரேயச் சொல்லுக்கும் இதனையே பயன்படுத்தினார்.

மோரும் டின்டேலும் எழுத்தில் கடும் வாதப்போர் புரிந்தவர்கள். மோர் 1535இலும், டின்டேல் 1536இலும் கொலைத்தண்டனை பெற்றனர். ஒப்புரவைக் குறிக்கும் சொல்லை இருவரும் எழுதினர். தம்முள் ஒப்புரவாகாமலே மறைந்தனர்.

1611இன் ஆங்கிலத் திருமறையில், புதிய ஏற்பாட்டுள் இச்சொல் ரோமர் 5:11இல் மட்டுமே எஞ்சியது. 1881இன் திருத்திய பதிப்பு அங்கும் அதனை மாற்றிவிட்டது. பழைய ஏற்பாட்டின் பலிமுறையோடு மட்டும் அது நிலைபெறவே, ஈடுசெய்தல் என்னும் பொருள் ஓங்கி, ஒன்றுபடுதல் என்னும் முதற்பொருள் மங்கிற்று.

நம் தமிழ்த் திருமறை, லேவியராகமத்தில் 'பாவநிவிர்த்தி' என்றும், ரோமரில் 'ஒப்புரவாகுதல்' என்றும் இருவேறு சொற்களை வழங்குகிறது. இது தெளிவுக்குத் துணையாகும். எனினும், ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் போதிக்கும் இடர் நமக்கும் உண்டு. ஒப்புரவு என்பது திருக்குறளின் 22ஆம் அதிகாரத் தலைப்பிலேயே நாம் காணும் சொல். ஆங்கே அது உலகத்தாரோடு ஒத்து வாழ்ந்து உதவுதலைக் குறிக்கிறது. பாவநிவிர்த்தி வழியாகும்; ஒன்றுபடுதலே அவ்வழி சென்றடையும் இடமாகும். சிலுவையில் விலை செலுத்தப்பட்டதை அறிவித்துவிட்டு, பிரிந்து நிற்கும் சகோதரரை ஒன்றுசேர்க்க முயலாத ஊழியம், 2 கொரிந்தியர் 5:18இல் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஊழியத்தின் பாதியே என்பதை நாம் மறத்தலாகாது.