மூடியபின் வேர்ப்பவை: ஹெட்லைட்டும் நெல் குவியலும்

தை மாத விடியலில் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையோரம் ஒரே ஈரத்தை இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று, கம்பெனி விளக்கைக் கழற்றிவிட்டு வெளிக்கடையில் வாங்கிப் பொருத்திய கார் ஹெட்லைட்டின் உட்புறம். மற்றொன்று, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் காத்துக்கிடக்கும் சம்பா நெல்லைப் போர்த்திய தார்ப்பாயின் அடிப்புறம். இரண்டிலும் முதல் சந்தேகம் ஓட்டையின் மேல்தான் விழுகிறது. கார்க்காரர் சிலிகான் பசையைத் தேடுகிறார்; விவசாயி இன்னொரு தார்ப்பாயை இழுத்துப் போடுகிறார். இருவர் கணிப்பும் பெரும்பாலும் ஒரே விதமாகத் தவறுகிறது.

விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியேறும். அணைத்ததும் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும். டெல்டாவில் அந்தக் காற்று வயல், வாய்க்கால் ஈரத்தையும் சுமந்தே வருகிறது. இரவில் முகப்பின் பாலிகார்பனேட் குளிர்ந்ததும் ஈரம் அதில் படிகிறது.

நெல்லோ ஈரத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும்போதே அதில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கக்கூடும். போதாக்குறைக்கு அது உயிருள்ள வித்து. மூச்சு விட்டு, வெப்பத்தையும் ஆவியையும் வெளியிடுகிறது. பனியில் குளிர்ந்த தார்ப்பாயில் அந்த ஆவி மோதி நீராகிறது. காலையில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்: அடிப்புறம் முத்து முத்தாகத் துளிகள், மேலாக உள்ள நெல் உள்ளங்கையில் ஒட்டும், முழங்கை வரை கையை விட்டால் உள்ளே வெதுவெதுக்கும்.

எவ்வளவு ஈரத்தைப் பொறுக்கலாம் என்பதில் இரண்டும் பிரிகின்றன. விளக்கில் தெரியும் லேசான மூட்டம் சிறிது நேரம் எரியவிட்டு ஓட்டியதும் மறைந்தால், அது குறையே அல்ல. அடிமூலையில் நீர் தேங்கி, வண்டி வளைவில் திரும்பும்போது தளும்பினால்தான் கசிவு. நெல்லுக்கு இப்படிப்பட்ட தாராளம் கிடையாது. 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிற்கும். மழையில் நனைந்த பருவங்களில் ஒன்றிய அரசு இந்த எல்லையைத் தளர்த்தியதுண்டு: 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை. ஆனால் தளர்வு ஆணை வரும்வரை தார்ப்பாய்க்குள் வேர்ப்பது நிற்பதில்லையே!

எதிர்பாராத முரண் வெப்பத்தில் இருக்கிறது. 55 வாட் ஹாலஜன் விளக்கு தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கி, அதில் கணிசமானதை முகப்பின் மேல் பாய்ச்சும். அந்த வீண்செலவுதான் மூட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. எல்.இ.டி. ஒளியை முன்னே அனுப்புகிறது. வெப்பத்தைப் பின்னாலுள்ள உலோகத் துடுப்புகளில் இறக்கிவிடுகிறது. வெளிச்சம் கூடியது, முகப்பு குளிர்ந்தே கிடக்கிறது. மேலும், அதன் விசிறிப் பகுதி பழைய ரப்பர் மூடிக்குள் அடங்காதபோது மூடியை அறுத்தோ கழற்றியோ விடுகிறார்கள். ஈரம் நுழைய அதைவிட அகலமான வாசல் வேண்டாம். நெல்லில் வெப்பம் எதையும் துடைப்பதில்லை. அடியிலிருந்து ஈரத்தை மேலடுக்குக்கு ஏற்றிவிடுகிறது; அங்கே நெல் முளைவிடுகிறது, உள்ளே அரிசி மஞ்சளாகிறது. விளக்கில் மருந்தாக இருப்பதே குவியலில் நோயாகிவிடுகிறது.

மூச்சுவழி விஷயத்தில் மறுபடியும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. நல்ல ஹெட்லைட்டின் முதுகில் வளைந்த ரப்பர் குழாயோ, ஆவியை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் மெல்லிய சவ்வோ இருக்கும். “தண்ணி போகாம அடைச்சுடுங்க” என்று சொல்லி அதையும் சிலிகான் பூசி மூடும்போது, ஏற்கெனவே புகுந்த ஈரம் சிறைப்படுகிறது. நாலு ஓரத்திலும் மண் அணைத்து இறுக்கிய தார்ப்பாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. திறந்தவெளிக் கிடங்கில் மேடை கட்டி, கட்டையடுக்கின் மேல் மூட்டைகளை அட்டி போட்டு மூடிய பிறகும், வானம் வெளுத்த நாளில் உறையைத் தூக்கிக் காற்று காட்டுவது இதனால்தான்.

அப்படியானால் முழுக்க அடைப்பதே பிழையா? அங்கும் இரட்டைகள் போல ஒத்துப்போகின்றன. அமெரிக்காவில் 1940-இல் பரவலான சீல்டு பீம் விளக்கு, உலர்ந்த வாயுவோடு அடைத்த ஒரே கண்ணாடிக் கூடு. வேர்க்க அதில் ஈரமே இல்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் காற்றுப்புகாப் பையிலும் நெல் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது, 14 சதவீதத்துக்குள் உலர்த்திக் கட்டினால். மழைநாளில் ஒட்டிய விளக்கு மழைநாளின் காற்றையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறது. ஆகவே தேர்ந்த மெக்கானிக் பியூட்டில் பசையை இளக்கி முகப்பைப் பிரித்து, உள்ளே நன்றாக உலர்த்திய பிறகே ஒட்டுகிறார். அதற்கு ஒரு சூடுகாற்றுக் கருவி போதும். கொள்முதல் நிலைய வாசலில் குவிந்த நெல்லுக்கு உலர்த்தும் இயந்திரம் வேண்டும், இல்லையேல் வெயில் வேண்டும். இரண்டும் இல்லாத நாட்களில், மழை விட்ட இடைவெளியிலெல்லாம் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிட ஆள் வேண்டும். அந்தக் கூலி விவசாயியின் கணக்கில்தான் ஏறுகிறது.