படிவத்தை நிரப்புவது மனிதனா, மென்பொருளா? - ஒரு சின்ன வரலாறு

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றுவார்கள். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான மக்கள் நடந்துகொண்டே தீபத்தைப் பார்ப்பார்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் கோயிலுக்கு உள்ளே நின்று, சில நிமிடங்கள் மட்டுமே காட்சி தரும் அர்த்தநாரீஸ்வரரைப் பார்க்க வேண்டுமென்றால் இடம் மிகக் குறைவு.

அந்தக் குறைந்த இடத்திலும் ஒரு பகுதிக்குத்தான் கட்டணச் சீட்டு. 2022, 2023 ஆண்டுகளில் அந்தச் சீட்டுகள் கோயிலின் இணையதளத்தில் விற்கப்பட்டன. அதை வாங்க ஆதார் எண், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் கொடுக்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் அடிக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு சீட்டுதான்.

சாமி பார்க்க ஒரு சீட்டு வாங்குவதற்கு இத்தனை கேள்விகளா என்று தோன்றலாம். இந்தக் கேள்விகள் திடீரென்று முளைத்தவை அல்ல. இணையப் படிவங்களை மனிதருக்குப் பதிலாக மென்பொருள்கள் நிரப்பத் தொடங்கியதில் இருந்து இன்றுவரை நடக்கும் ஒரு சண்டையின் மிச்சம் அவை. அந்தச் சண்டையின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படிவம் என்பது என்ன?

இணையப் பக்கங்களில் படிவம் வந்தது 1993 வாக்கில். 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரத்தில் அது முறைப்படி இடம்பெற்றது. நம் கண்ணுக்குப் பெட்டிகளும் ஒரு பொத்தானும் தெரிகின்றன. ஆனால் பொத்தானை அழுத்தியதும் சர்வருக்குப் போவது வெறும் எழுத்து வரிசைதான். பெயர் = முருகன், வயது = 45, ஊர் = போளூர் என்கிற மாதிரி ஒவ்வொரு பெட்டியின் பெயரும் அதற்குள் இருப்பதும் ஜோடி ஜோடியாகப் போகும். அவ்வளவுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த எழுத்து வரிசையை அனுப்பியது பிரவுசரா, வேறு ஏதாவது நிரலா என்று சர்வரால் உறுதியாகச் சொல்ல முடியாது. தபாலில் வந்த மணியார்டர் படிவத்தைப் பார்த்து, அதை எழுதியது அப்பாவா பிள்ளையா என்று சொல்ல முடியாதது போல.

அதனால் நம் கணினியில் ஓடும் ஒரு சாதாரண நிரலே படிவத்தை அனுப்பிவிடலாம். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பிரவுசரைத் திறந்து வைத்து, அதன் பெட்டிகளில் நிரலைக் கொண்டு எழுத வைத்து, பொத்தானையும் நிரலே அழுத்துவது. விஷுவல் பேசிக்கில் இண்டர்நெட் எக்ஸ்புளோரரையே ஒரு துண்டாக எடுத்துப் பொருத்திக்கொள்ள முடிந்ததால், அந்தக் காலத்தில் பலரும் இப்படிச் செய்தார்கள். இரண்டாவது, பிரவுசரே இல்லாமல் அந்த எழுத்து வரிசையை நேரடியாக அனுப்புவது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ல் வெளியிட்ட 'கர்ல்' இதற்குப் பேர் போனது. சர்வர் கொடுக்கும் குக்கியைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை திருப்பிக் கொடுத்தால் போதும், லாகின் செய்த ஆள்போலவே சர்வர் நடத்தும்.

இதெல்லாம் திருட்டு வேலைக்காகப் பிறந்தவை அல்ல. 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய 'செலினியம்', இணையதளங்களைச் சோதித்துப் பார்க்க வந்தது. ஒரே மாதிரியான ஆயிரம் பதிவுகளைக் கையால் அடிக்கும் அலுவலக ஊழியருக்கு இப்படி ஒரு நிரல் கிடைத்தால் அது வரம்தான். கத்தி ஒன்றுதான், காய் நறுக்கவும் பயன்படும், வேறு எதற்கும் பயன்படும்.

முதல் மோதல்கள்

1997-ல் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறிக்கு ஒரு தலைவலி வந்தது. புதிய இணையதள முகவரிகளைச் சேர்க்க அது ஒரு படிவம் வைத்திருந்தது. நிரல்களை வைத்து அதில் குப்பை முகவரிகளைக் கொட்டினார்கள். ஆண்ட்ரே பிராடரும் அவருடைய குழுவினரும் கோணல்மாணலான எழுத்துகள் கொண்ட ஒரு படத்தைக் காட்டி, அதைப் படித்து அடிக்கச் சொன்னார்கள். எழுத்துகளைக் கணினி சரியாகப் படிக்க எப்படி ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஒரு ஸ்கேனரின் கையேட்டில் சொல்லியிருந்ததோ, அதற்கு நேர் எதிராகவே படங்களைத் தயாரித்தார்கள்! குப்பை 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பின்னாளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆனும் மானுவல் பிளமும் மற்றவர்களும் இந்த வகைச் சோதனைக்கு 'கேப்ட்சா' என்று பெயர் வைத்தார்கள்.

1999-ல் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் கணினி அறிவியல் மேற்படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று ஸ்லாஷ்டாட் இணையதளம் வாக்கெடுப்பு நடத்தியது. கார்னகி மெலன் மாணவர்கள் வாக்குப் போட ஒரு நிரல் எழுதினார்கள். மறுநாளே எம்.ஐ.டி. மாணவர்களும் எழுதினார்கள். முடிவில் எம்.ஐ.டி. 21,156, கார்னகி மெலன் 21,032. மற்ற எந்தப் பல்கலைக்கழகமும் ஆயிரத்தைத் தொடவில்லை. நிரல் எழுதத் தெரியாதவர்களின் வாக்குக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. அன்று அது விளையாட்டு. அதே கதை ரயில் டிக்கெட்டுக்கு வந்தபோது விளையாட்டாக இருக்கவில்லை.

தட்கல் காலை

திருவண்ணாமலைக்கு வெளி மாநிலங்களில் இருந்து வருபவர்களில் பலருக்குக் கோயில் படிவத்துக்கு முன்னால் இன்னொரு படிவம் காத்திருக்கிறது. காட்பாடிக்கோ சென்னைக்கோ ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அவசரப் பயணிகளுக்காக ரயில்வே 1997 டிசம்பரில் தட்கல் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் டிக்கெட் விற்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். 2005-ல் நாமே அச்சிட்டுக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. ராத்திரியே போய் ஸ்டேஷன் கவுண்டரில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் வரிசை ஒழியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியது. குறிப்பிட்ட நேரத்தில் தட்கல் திறந்ததும், லட்சக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள். பெயர், வயது, பெர்த், கேப்ட்சா, வங்கி விவரம் என்று ஒரு மனிதர் அடித்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கும் மென்பொருளுக்குச் சில நொடிகள் போதும். கேப்ட்சா குறுக்கே நின்றதா? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஆயிரம் படங்களுக்கு ஒரு டாலர் அளவுக்குச் சொற்பக் கூலி கொடுத்து ஆட்களைக் கொண்டே படிக்க வைக்கும் சந்தை உலகம் முழுக்க உருவானது. மனிதனா என்று சோதிக்கும் கேள்விக்கு உண்மையிலேயே ஒரு மனிதன் பதில் சொன்னால் கேப்ட்சா என்ன செய்யும்!

ரயில்வேயும் சும்மா இருக்கவில்லை. 2012 ஜூலையில் தட்கல் நேரத்தைக் காலை 8-ல் இருந்து 10-க்கு மாற்றியது. தட்கல் திறந்தவுடன் ஏஜெண்டுகள் பதிவு செய்யத் தடை போட்டது. 2014-ல் புதிய சர்வர் அமைப்பைக் கொண்டு வந்து, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக உயர்த்தியது. 2025 மே மாதத்தில் ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சர்வரின் வேகம் கூடினால் ரயிலில் பெர்த் கூடுமா? இருக்கும் பெர்த் இன்னும் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். ஓட்டம் வேகமாக ஆக, இயந்திரத்தோடு ஓடும் மனிதன்தான் பின்தங்குகிறான்.

சி.பி.ஐ. அலுவலகமும் திருப்பூரும்

2017 டிசம்பரில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு கைது நடந்தது. தட்கல் டிக்கெட்டுகளைக் கூட்டமாகப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதி ஏஜெண்டுகளுக்குக் கொடுத்ததாகக் கைதானவர், சி.பி.ஐ.யிலேயே உதவி புரோகிராமர். அதற்கு முன்பு ஐ.ஆர்.சி.டி.சி.யில் வேலை பார்த்தவர்.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஒன்று நடந்தது. ஐ.ஐ.டி.யில் படித்த திருப்பூர் இளைஞர் ஒருவரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. கணினியில் நடந்த அதே வேலையைக் கைப்பேசியில் செய்யும் செயலிகளை அவர் எழுதியிருந்தார். பயணி விவரங்களை வேகமாக நிரப்பித் தரும் அந்தச் செயலிகளை ஒரு லட்சம் பேர் அளவில் பயன்படுத்தியதாகவும், அவருக்குச் சுமார் 20 லட்சம் ரூபாய் கிடைத்ததாகவும் படையினர் கூறினர்.

இந்த இரண்டும் ஒன்றுதானா? இங்கேதான் விவாதம் சூடு பிடித்தது. ஏஜெண்ட் மொத்தமாக அள்ளி அதிக விலைக்கு விற்பது வேறு. ஒரு சாதாரணப் பயணி தன் ஒரு டிக்கெட்டை வேகமாக எடுக்க உதவி தேடுவது வேறு. ஆனால் அந்த உதவியைப் பெறாத பயணியின் கண்ணில் பார்த்தால், இரண்டாலும் அவருக்குக் கிடைப்பது காத்திருப்போர் பட்டியல்தான்.

கைதுக்குப் பயன்பட்ட சட்டமும் சுவாரசியமானது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ம் பிரிவு, அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழிலைக் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கவுண்டர் வாசலில் நிற்கும் புரோக்கரை மனதில் வைத்து, நம் நாட்டு மக்களுக்கு இணையம் வருவதற்கு முன்பே எழுதிய சட்டம். இது இ-டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில்தான் தெளிவாகச் சொன்னது.

கடைசியில் ஆதார்

தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் லாகின் முயற்சிகளில் பாதி வரை தானியங்கி நிரல்களுடையது என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் தெரிவித்தது. அதற்குள் 2.5 கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டிருந்தன. ஜூலை 1 முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. ஜூலை 15 முதல் ஆதார் ஓ.டி.பி.யும் சேர்ந்துகொண்டது.

ஆக, 1997-ல் "நீ மனிதனா?" என்று கேட்ட படிவம், இப்போது "நீ எந்த மனிதன்?" என்று கேட்கிறது. திருவண்ணாமலை கோயிலின் படிவம் கேட்டதும் இதே கேள்விதான். ஒருவர் ஆயிரம் பெயரில் வர முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் விலையும் உண்டு. ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருக்கும் பெரியவர், கைப்பேசியே இல்லாத பாட்டி, பிரவுசிங் சென்டர் பையனை நம்பிப் படிவம் நிரப்பச் சொல்பவர் ஆகியோரின் ஓ.டி.பி. யாருக்குப் போகும்? புரோக்கரும் அடுத்தவருக்காகத்தான் படிவம் நிரப்புகிறார், அந்தப் பையனும் அடுத்தவருக்காகத்தான் நிரப்புகிறான். படிவத்துக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு ஓரளவாவது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு பூட்டும் திருடனைச் சில நாட்கள் தடுத்தது. வீட்டுக்காரரையோ ஒவ்வொரு நாளும் தடுத்துக்கொண்டிருக்கிறது. கேட்பவர் ஆயிரமும் இருப்பது பத்துமாக இருக்கும் வரை, படிவத்தை யார் நிரப்பினாலும் 990 பேர் வெளியேதான் நிற்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் எப்போதும் ஒரே வகை ஆட்களாக, அதாவது மெதுவாகத் தட்டச்சு செய்பவர்களாகவே இருந்துவிடக் கூடாது. இந்தச் சண்டையில் காப்பாற்ற வேண்டிய நியாயம் அதுதான்.